பந்து வர்றதுக்கு முன்னாடி

ஹாக்கியில் எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. பந்தை வாங்குறதுக்குன்னு தனியா யாரும் பிராக்டிஸ் பண்றதில்லை. நம்ம மேட்ச் கைநழுவிப் போறது பெரும்பாலும் அங்கேதான்.

எடமலைப்பட்டி புதூர் பக்கம் மண் தரையில் ஆடுறவங்களுக்கு இது தெரியும். நேரா வர்ற பந்து சின்னக் கல்லுல பட்டாலே துள்ளி முழங்காலைப் பதம் பார்க்கும். வலி ஒரு பக்கம்; காலில் பட்டு நமக்கு ஆதாயம் கிடைச்சா ஃபவுல். நம்ம 'டி'க்குள்ளன்னா பெனால்டி கார்னர்.

அதனால பந்து வர்ற கோட்டுக்கு நேரா உடம்பைக் கொண்டுபோங்க. இடது கை ஸ்டிக்கோட உச்சியில், இறுக்கமா. வலது கை கீழே, தளர்வா. அது இறுகினா பந்து சுவத்துல பட்ட மாதிரி திரும்பிடும். கைப்பிடி முன்னால சாயணும். அப்பதான் துள்ளுற பந்து ஸ்டிக்குக்கு அடியிலேயே அடங்கும்.

டர்ஃப் கதை வேற. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதல்முறையா செயற்கைத் தரை. அதுவரை 7 தங்கம் வாங்கின இந்தியா அங்கே 7-ஆவது இடம். தரை மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா டர்ஃபில் பந்து வேகமா வரும். நின்னு வாங்கினா எதிரணி ஆள் வந்துடுவான். ஓடிக்கிட்டே, அடுத்து போற பக்கமா தொட்டு வாங்கணும். அதுக்கு முன்னாடியே தோளுக்குப் பின்னால ஒரு பார்வை.

பழக 3 பேர் போதும். ஒருத்தர் 10 மீட்டர்ல இருந்து பந்தைத் தள்ளட்டும். இன்னொருத்தர் உங்க பின்னால நின்னு விரல் காட்டட்டும். பந்து வந்து சேர்றதுக்குள்ள திரும்பிப் பார்த்து எத்தனை விரல்னு சொல்லிட்டு வாங்குங்க. முதல் நாள் எண்ணிக்கை சரியா வரும், பந்து போயிடும். விடாதீங்க.

பக்கத்து அரியலூர்க்காரர், கோவில்பட்டியில் பயிற்சி எடுத்து இந்திய அணிக்கு ஆடின கார்த்தி செல்வம். அவர் மேட்ச் வீடியோ கிடைச்சா, பந்தை விட்டுட்டு அவர் கழுத்து எப்பல்லாம் திரும்புதுன்னு மட்டும் பாருங்க.