'மைண்ட்' என்பது மனம் மட்டுமா?

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் 'மைண்ட்' என்ற சொல்லைக் கண்டதும் 'மனம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் 'மைண்ட் தி ஸ்டெப்' என்றால் படியைக் கவனித்து நட என்பது பொருள். 'ஐ டோன்ட் மைண்ட்' என்றால் எனக்கு ஆட்சேபமில்லை. 'இன் டூ மைண்ட்ஸ்' என்பது இதுவா அதுவா என்ற தயக்கம். 'மேக் அப் யுவர் மைண்ட்' என்றால் முடிவு செய். 'பேர் இன் மைண்ட்' என்றால் நினைவில் கொள்.

வேதாந்தம் இச்செயல்களைப் பிரித்துப் பெயரிடுகிறது. தயங்கும்போது அந்தக்கரணம் மனம், தீர்மானிக்கும்போது புத்தி, நினைவுகூரும்போது சித்தம், 'நான்' என்று அபிமானிக்கும்போது அகங்காரம்.

தத்துவ நூல்களைப் படிக்கையில் இன்னும் எச்சரிக்கை தேவை. பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் 1641-இல் லத்தீனில் வெளியிட்ட 'தியானங்கள்' நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில், சிந்திக்கின்ற 'நான்' என்பதே 'மைண்ட்'. அது உடலினின்று முற்றிலும் வேறானது. வேதாந்தத்திலோ மனமும் சூட்சுமமான ஜடமே. அது அறியப்படும் பொருள், அறிபவன் அன்று.

ஆகவே, நம் சாஸ்திரங்களை ஆங்கிலத்தில் படிக்கும் அன்பர்கள் 'மைண்ட்' என்ற சொல் வரும் இடங்களில் சற்று நின்று, இங்கே எது கூறப்படுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் கருவியையே ஆன்மாவாக எண்ணிவிட நேரும்.