பக் வருவதற்கு முன்னால் அவன் எங்கே நின்றான்?

அந்தப் பையனை நாங்கள் எடுத்திருக்க வேண்டும். நான்காம் சுற்றில் எங்கள் முறை வந்தபோது அவனை யாரும் எடுத்திருக்கவில்லை. சீசன் முழுக்க நான் எழுதிக் கொடுத்த அறிக்கைகள் மேசை மேலேயே கிடந்தன. இருந்தும் கிளப் வேறொரு பெயரைச் சொன்னது. அடுத்த சுற்றிலேயே இன்னொரு கிளப் அவனைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு அங்கே அவன்தான் முதல் வரிசை விங்கர். அவர்களுடைய பவர் பிளே அவனை நம்பித்தான் நடக்கிறது.

ஓ.எச்.எல். எனப்படும் ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் 20 கிளப்புகள். ஆண்டுக்கு ஒருமுறை டிராஃப்ட் நடத்தி, 15, 16 வயதுப் பையன்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்காகக் குளிர்காலம் முழுக்க ரிங்க் ரிங்காக அலைகிற ஸ்கவுட்டுகளில் நானும் ஒருவன். நீங்களும் இப்போது சேர்ந்திருப்பீர்கள். பகலில் வேறு வேலை, சாயங்காலம் ஆனால் 401 நெடுஞ்சாலையில் பனிக்காற்று, வீட்டுக்கு வரும்போது நள்ளிரவு. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வழக்கமான காரியங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியலையும் வாங்கி, சட்டை எண்ணுக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு நடுவில் உட்காராதீர்கள். மூலைப் பக்கம், மேல் வரிசை. காலுக்குத் தடித்த காலுறை. மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் தானே பழகிவிடும்.

லேசில் பழகாதது ஒன்று உண்டு. பக்கிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். அரங்கில் இருக்கிற அத்தனை பேர் கண்ணும் பக்கின் பின்னாலேயே ஓடும். கோல் போடுகிறவனைத் தேடி வந்த நீங்கள் அவனை மட்டும் பாருங்கள். ஒரு ஷிஃப்ட் முக்கால் நிமிடம்தான் இருக்கும். அதில் பக் அவன் ஸ்டிக்கில் இருப்பது சில நொடிகள். மிச்ச நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தான் அவனை எடை போட முடியும்.

அந்தப் பையனை நான் முதன்முதலாகக் கவனித்த ஷிஃப்டைச் சொல்கிறேன். அவனுடைய சென்டர் மூலையில், போர்டோடு ஒட்டிக்கொண்டு பக்குக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த வயதில் மற்ற ஃபார்வர்டுகளும் அங்கேயே போய் மொய்ப்பார்கள். இல்லாவிட்டால் வலைக்கு முன்னால் நின்று ஸ்டிக்கைத் தட்டித் தட்டிப் பக் கேட்பார்கள். இவன் வலையை விட்டு விலகிப் போனான். தன்னைக் காவல் காக்கிற டிஃபென்ஸ்மேனின் முதுகுப் பக்கம், அவன் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு. போகிற போக்கில் ஒருமுறை தலையைத் திருப்பி கோல்கீப்பர் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டான். டிஃபென்ஸ்மேன் மூலைப் பக்கம் பார்த்த அந்தக் கணத்தில் ஸ்லாட்டுக்குள் நுழைந்தான். வலைக்கு நேர் எதிரே, இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் உள்ள இடம் அது. ஸ்டிக்கின் பிளேடு ஏற்கெனவே பனியில் பதிந்திருந்தது, கைகள் உடம்பிலிருந்து தள்ளி நின்றன. பக் வந்ததும் தன் கால் பக்கமாக ஒரு சாண் இழுத்தான், விட்டான். கோல்கீப்பர் முழங்காலில் சறுக்கி இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் பக் கம்பத்தில் மோதி ‘டங்’கென்று தெறித்துவிட்டது.

கோல் இல்லை. ஆனாலும் என் குறிப்பேட்டில் நட்சத்திரம் போட்டது அந்த ஷிஃப்டுக்குத்தான். அதே ஆட்டத்தில் பிற்பாடு அவன் ஒரு கோலும் போட்டான். அது எதிரணிக்காரன் ஸ்கேட்டில் பட்டு உள்ளே உருண்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லிலேயே பத்து ஷாட்டுக்கு ஒன்று என்ற அளவில்தான் கோல் விழும். ஒரு சிறுவனின் ஒரு சீசனில் அந்தக் கணக்கு எப்படி வேண்டுமானாலும் ஏறி இறங்கும். கோல் எண்ணிக்கையைத் தாளில் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். காலி வலையில் போட்டதைக் கழியுங்கள். ஆறு கோல் முன்னிலையில் இருக்கும்போது போட்டதைக் கழியுங்கள். பவர் பிளேயில் வந்ததைத் தனியாக எழுதுங்கள். மிச்சம் எத்தனை, அவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். நல்ல இடத்தில் மறுபடி மறுபடி வாய்ப்பை உண்டாக்கிக்கொள்கிறவனுக்கு கோல் வந்தே தீரும். ப்ளூ லைன் பக்கத்திலிருந்து ஓங்கி அடித்து, சின்ன வயது கோல்கீப்பர்களைத் திணறடித்துக் கணக்கை ஏற்றுகிறவன் இரண்டு வருடத்தில் காணாமல் போய்விடுவான்.

ஷாட்டின் வேகத்தைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். 15 வயதில் மணிக்கட்டுக்கு எவ்வளவு பலம் இருக்கும்? அது வளரும். ஷாட் எந்தக் கோணத்தில் வரப்போகிறது என்பதைக் கடைசி நொடிவரை மறைக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஆஸ்டன் மாத்யூஸ் 2023-24 சீசனில் 69 கோல் போட்டார். பக்கை உடம்பை நோக்கி இழுத்து, கோணத்தை மாற்றி, அதே அசைவில் விடுவார். கோல்கீப்பர் பிளேடைப் பார்த்துத்தான் தயாராகிறான். பிளேடு இடம் மாறிவிட்டால் அவன் பார்த்த கணக்கு பொய்யாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு எதிரணி கோல்கீப்பரின் பயிற்சியாளரிடம் கேளுங்கள், யாருடைய ஷாட் உங்கள் பையனைத் தொந்தரவு செய்தது என்று. இதைப் பெரும்பாலான ஸ்கவுட்டுகள் கேட்பதே இல்லை. நான் கேட்டேன். யோசிக்காமல் இவன் சட்டை எண்ணைத்தான் சொன்னார்.

இனி எங்கள் டிராஃப்ட் கூட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் தலைமை ஸ்கவுட் அவனை ஒரே ஒருமுறை வந்து பார்த்தார். ஒரு போட்டித் தொடரின் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமையிலிருந்து இடைவெளியில்லாமல் ஆடிக் களைத்திருந்த அணி. வழக்கமான சென்டர் தோளில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டதால் இவனைப் புதியவர்களோடு இறக்கியிருந்தார்கள். அன்று கோல் இல்லை. எதிரணியில் ஓர் உயரமான விங்கர் இரண்டு போட்டான். ஒன்று காலி வலையில். டிராஃப்ட் மேசையில் அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு சீசன் முழுக்க எழுதிய குறிப்புகளை ஒதுக்கி வைத்தார்கள்.

“சின்னப் பையனப்பா. கிளம்பும்போது கால் வேகமில்லை. அவன் கோலெல்லாம் அந்த சென்டர் ஊட்டிவிட்டது” என்றார் தலைமை ஸ்கவுட்.

“சென்டர் அடிபட்ட பிறகும் வாய்ப்பு குறையவில்லை சார், மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள்” என்றேன். பக்கத்தை யாரும் புரட்டவில்லை. உயரமானவனின் பெயர் போய்ச் சேர்ந்தது.

அவர் சொன்ன மூன்றையும் உங்கள் மேசையிலும் சொல்வார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஆடுகிறவன்தான் கோலுக்குக் காரணம் என்கிற பேச்சு அலெக்ஸ் டிப்ரின்கெட்டுக்கும் இருந்தது. ஓ.எச்.எல்.லின் ஈரி ஆட்டர்ஸ் அணியில் 2014-15இல், கானர் மெக்டேவிட் இருந்தபோது, அவர் 51 கோல் போட்டார். மெக்டேவிட் என்.எச்.எல்.லுக்குப் போய்விட்டார். அடுத்த சீசனிலும் டிப்ரின்கெட் 51. அதற்கடுத்து 65. ஆள் ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டாதவர். 2016 என்.எச்.எல். டிராஃப்டில் 38 பேரை எடுத்த பிறகுதான் சிகாகோ அவரை எடுத்தது. 2018-19இல் என்.எச்.எல்.லிலேயே 41 கோல் போட்டார். இதைச் சும்மா வாதத்துக்காகச் சொல்லவில்லை. துணை ஆட்டக்காரன் இல்லாத ஆட்டங்களைத் தேடிப்போய்ப் பாருங்கள். காயம், தண்டனை, பரீட்சை என்று ஏதாவது காரணத்தால் அவன் வராத நாள் எப்படியும் அமையும். அந்த நாளைத் தவறவிடக் கூடாது.

உயரத்தைப் பற்றிச் சொன்னால் பிறந்த மாதத்தைக் கேளுங்கள். கனடாவில் சிறுவர் ஹாக்கியை ஜனவரி 1 தொடங்கி ஆண்டுவாரியாகப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோத வேண்டும். மேல்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருக்கிறார்கள் என்பதை 1980களிலேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் எடுத்துக்காட்டிவிட்டார். எங்கள் பையன் நவம்பரில் பிறந்தவன், அந்த உயரமானவன் ஜனவரி. 15 வயதில் பத்து மாதம் என்பது தோள் அகலத்திலும் குரலிலும்கூடத் தெரிகிற வித்தியாசம். அரங்கு வாசலில் பையனின் அப்பாவை, அண்ணனைப் பாருங்கள். பையனின் ஸ்கேட் அளவைக் கேளுங்கள். நான் கேட்டேன். அப்பா ஆறடி. அதுவும் அறிக்கையில் இருந்தது. தேதி எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு மாத்யூஸையே பாருங்கள். என்.எச்.எல். டிராஃப்டுக்கு வயதுக் கெடு செப்டம்பர் 15. அவர் பிறந்தது 1997 செப்டம்பர் 17. அந்த இரண்டு நாளால் ஓராண்டு காத்திருந்து, 2016இல் முதல் ஆளாகத் தேர்வானார்.

ஸ்கேட்டிங் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் இல்லை. திரும்பும்போது எட்ஜில் நிற்க முடியாதவனை, லேசாக இடித்தாலே சாய்கிறவனை நானும் எடுக்கமாட்டேன். கிளம்பும்போது முதல் மூன்று எட்டு மெதுவாக இருப்பது வேறு. அது கால் பலம். இரண்டு கோடை உடற்பயிற்சியில் சரிசெய்துவிடலாம். அதோடு, எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் ஓட வேண்டிய அவசியமே குறைவு. 1984ஆம் ஆண்டு என்.எச்.எல். டிராஃப்டில் லூக் ரோபிட்டாய் 171ஆவது ஆளாகப் போனார். ஸ்கேட்டிங் போதாது என்றார்கள். 668 கோலோடு ஓய்வு பெற்றார். அதே டிராஃப்டில் பிரெட் ஹல் 117ஆவது. அவர் போட்டது 741. அதில் 1990-91 சீசனில் மட்டும் 86. ஒரே கோடையில் அத்தனை கிளப்புகளும் இந்த இருவரையும் சுற்றுக்குச் சுற்று தாண்டிப் போயிருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால் மைக் பாஸி. 1977 என்.எச்.எல். டிராஃப்டில் 14 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகே அவர் பெயர் வந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸும் டொரன்டோவும் ஆளுக்கு இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனார்கள். கோல் போடுவான், தடுப்பாட்டம் வராது என்று பேச்சு. நியூயார்க் ஐலண்டர்ஸ் மேசையிலும் பாஸியா, இன்னும் முழுமையான ஆட்டக்காரரான டுவைட் ஃபாஸ்டரா என்ற கேள்வி எழுந்தது. கோல் போடத் தெரிந்தவனுக்குத் தடுப்பைக் கற்றுக்கொடுப்பது சுலபம் என்பது பயிற்சியாளர் ஆல் ஆர்பரின் கணக்கு. பாஸி முதல் சீசனிலேயே 53 கோல் போட்டார். 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு ஸ்டான்லி கோப்பை அந்த அணிக்கு. எங்கள் மேசையில் ஓர் ஆர்பர் இல்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீர வேண்டிய அவசியமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

உயரமானவன் இரண்டே சீசனில் அணியை விட்டுப் போனான். அவன்மேல் குற்றமில்லை, அவனால் முடியாததை அவனிடம் எதிர்பார்த்தார்கள். கோல் போட ஆளில்லாமல் தவித்த கிளப், பிற்பாடு ஒரு விங்கரை வாங்க இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளை விட்டுக்கொடுத்தது. என்னை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். நான் விலகிக்கொண்டேன்.

இப்போது இருக்கிற கிளப்பில் சேரும்போதே ஒரு நிபந்தனையைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டேன். நான் மேல் சுற்றுகளுக்குப் பரிந்துரைக்கிற எந்தப் பையனையும் தலைமை ஸ்கவுட் மூன்று ஆட்டமாவது பார்க்காமல் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. அதில் ஒன்று வெளியூர் ஆட்டமாக இருக்க வேண்டும், தொடரின் கடைசி நாள் ஆட்டம் கணக்கில் சேராது. நீங்களும் கேளுங்கள். புது ஆள் இப்படிக் கேட்கலாமா என்று தயங்காதீர்கள், குளிரில் உட்காரப் போவது நீங்கள்தான். அறிக்கையின் முதல் வரியிலேயே, அவனுக்கு வாய்ப்பு எந்த இடத்தில், எப்படிக் கிடைக்கிறது என்று எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில் எழுதியதை யாரும் படிப்பதில்லை.

இந்த ஆண்டு என் பட்டியலில் டிசம்பரில் பிறந்த ஒருவன் மேலே இருக்கிறான். ஒல்லி உடம்பு, வலது கை ஷாட், டிஃபென்ஸ்மேன்களின் முதுகுப் பக்கம் போய் நிற்கிற பழக்கம் இவனுக்கும் இருக்கிறது. தலைமை ஸ்கவுட் அவனை உள்ளூரில் பார்த்துவிட்டார். அடுத்த ஆட்டம் வரும் வெள்ளிக்கிழமை, பீட்டர்பரோவில். அவரை என் காரிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன்.