பதிற்றாண்டு வெற்றி: அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் ஓர் ஒப்பாய்வு

போட்டி நிகழும் இடமெல்லாம், "இவருள் மேலோர் யாவர்?" என்னும் வினாவும் உடனெழுதல் இயல்பு. ஒருநாள் வெற்றி காற்றின் துணையாலும் வரும். ஓராண்டு வெற்றி ஒரு வீரனது தோள்வலியாலும் வரும். பத்தாண்டு வெற்றியோ அங்ஙனம் எளிதில் வருவதன்று. என்னை? கல்லூரி மாணவன் ஒருவன் தன் கல்லூரிக்காக மூன்றாண்டோ நான்காண்டோ ஆடிப் பின் விலகுவான். ஆகலின், ஒரு கல்லூரிக் குழு பத்தாண்டு ஓங்கி நிற்குமாயின், ஆடினோர் இருமுறை மும்முறை முற்றும் மாறிய பின்னரும் அது தாழவில்லை என்பதே பொருள். இக்காரணம் பற்றியே யாம் பத்தாண்டினை அளவாகக் கொண்டு, அமெரிக்க நாட்டுக் கல்லூரிக் காற்பந்தினை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் ஒரு விளக்கம் வேண்டும். அமெரிக்கர் காற்பந்து என வழங்குவது நம் கல்லூரித் திடலில் மாலைதோறும் ஆடப்படும் ஆட்டமன்று. பந்து முட்டை வடிவினது. காலால் உதைத்தலினும் கையால் ஏந்தி ஓடுதலும் எறிதலுமே மிகுதி. பக்கத்திற்குப் பதினொருவர் நிற்பர். பந்தை உடையார் நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேறல் வேண்டும். இயலாதேல் பந்து மாற்றாரைச் சேரும். 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் ஆடிய ஆட்டத்தையே இதன் தொடக்கமென்பர். அன்று பக்கத்திற்கு இருபத்தைவர் ஆடினர். ரட்கர்ஸ் ஆறுக்கு நான்கு என வென்றது.

இனி, வியக்கத்தக்க வெற்றி பெற்றும் எம் அளவுள் அடங்காதார் இருவரை முன்னரே விலக்குவாம். ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்றிய மிச்சிகன் குழு 1901 முதல் 1905 வரை 55 ஆட்டம் வென்று, ஒன்று சமன்செய்து, ஒன்றே தோற்றது. அது பெற்ற புள்ளி 2,821, கொடுத்த புள்ளி 42. நாட்டர் டேம் குழு 1946 முதல் 1949 வரை 36 வென்று, இரண்டு சமன்செய்து, ஒன்றும் தோற்றிலது. இவை பெருஞ்செயல்களே. ஆயினும் ஐந்தாண்டும் நான்காண்டும் பத்தாண்டாகா. எஞ்சியவற்றுள் ஐந்து பதிற்றாண்டுகளை எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, ஏல் கல்லூரியின் 1883 முதல் 1892 வரையுள்ள காலம். இப்பத்தாண்டில் ஏல் மும்முறையே தோற்றது: 1885-இலும் 1889-இலும் பிரின்ஸ்டனிடம், 1890-இல் ஹார்வர்டிடம். 1888-இல் ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் மாற்றார் ஒரு புள்ளியேனும் பெற்றிலர். 1891-இலும் 1892-இலும் அவ்வாறே நிகழ்ந்தது.

இரண்டாவது, பட் வில்க்கின்சன் பயிற்றிய ஓக்லஹோமாவின் 1948 முதல் 1957 வரையுள்ள காலம். வெற்றி 97, தோல்வி 7, சமன் 2. இதனுள் 1953 முதல் 1957 வரை இடையறாது 47 ஆட்டம் வென்றது. அவ்வரிசையை இன்றளவும் முதற்பிரிவுக் குழு எதுவும் கடந்திலது.

மூன்றாவது, பால் பிரையண்டு பயிற்றிய அலபாமாவின் 1971 முதல் 1980 வரையுள்ள காலம். வெற்றி 107, தோல்வி 13.

நான்காவது, மயாமியின் 1983 முதல் 1992 வரையுள்ள காலம். வெற்றி 107, தோல்வி 14. நாட்டின் முதலிடம் நான்குமுறை, அஃதாவது 1983, 1987, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில், அதற்குக் கிட்டியது.

ஐந்தாவது, நிக் சேபன் பயிற்றிய அலபாமாவின் 2011 முதல் 2020 வரையுள்ள காலம். வெற்றி 127, தோல்வி 12. முதலிடம் ஐந்துமுறை: 2011, 2012, 2015, 2017, 2020.

இவ்வெண்களைக் கண்டவுடன் யாம் செய்தது எளிய கணக்கே. சமனான ஆட்டத்தை அரைவெற்றியாகக் கொண்டு நூற்றுக்கு இத்தனை எனக் கணித்தோம். ஏல் நீங்கலாக ஏனைய நான்கனுள் ஓக்லஹோமா 92.5, பிந்திய அலபாமா 91.4, முந்திய அலபாமா 89.2, மயாமி 88.4 என வந்தன. ஏலோ நூறு ஆட்டத்திற்குமேல் வென்று மூன்றே தோற்றமையின் யாவரினும் உயர்ந்து நின்றது. "ஏலே தலையாயது, ஓக்லஹோமா அடுத்தது" என எழுதி முடித்து, கட்டுரை நிறைந்ததென மகிழ்ந்தோம்.

அதனை எம் விடுதி நண்பர் ஒருவரிடம் காட்டினோம். அவர் இலக்கியம் பயில்பவரல்லர். நாள்தோறும் திடலில் ஆடுபவர். படித்து முடித்து ஒன்றே வினவினார்: "இவர்களைத் தோற்கடிக்க வல்லார் எத்துணைப்பேர் எதிரே நின்றனர்?" எமக்கு விடை தோன்றவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தைத் தேர்வுக்கெனப் பயின்றிருந்தோம். தன் வலியோடு மாற்றான் வலியையும் சீர்தூக்குக என்பதே ஆண்டு வள்ளுவர் கருத்து. பயின்றதனைப் பயன்படுத்தும் இடத்தில் மறந்தோமே என நாணி, மீண்டும் தொடங்கினோம்.

அங்ஙனம் நோக்குமிடத்து ஏலின் பெருமை வேறுருக் கொள்கின்றது. அக்காலத்தில் இவ்வாட்டத்தைச் செம்மையாகக் கற்றிருந்த கல்லூரிகள் மிகச் சிலவே. ஏலைத் தோற்கடித்தோர் பிரின்ஸ்டனும் ஹார்வர்டும் அன்றிப் பிறரல்லர். அன்றியும், பக்கத்திற்குப் பதினொருவர் என்பது முதலாய விதிகளை வகுத்தவருள் தலைசிறந்த வால்ட்டர் காம்ப் ஏல் கல்லூரியினர், அங்கே ஆடியவர், 1888 முதல் 1892 வரை அதனைப் பயிற்றியவர். விதி செய்தாரே விளையாடவும் செய்தால், பின்வந்தோர் கற்குமுன் அவர் முந்துதல் இயல்பன்றோ? ஆகவே ஏலை இவ்வாட்டத்தின் ஆசிரியரெனப் போற்றலாம். ஏனையோருடன் ஒரே தராசில் வைத்தல் தகாது.

ஓக்லஹோமாவுக்கு வருவாம். அது சேர்ந்திருந்த கூட்டத்துள் 1946 முதல் 1959-இல் நெபிராஸ்கா வெல்லுங்காறும் 74 ஆட்டங்களில் அஃதொன்றும் தோற்றிலது. ஒரு கூட்டத்தார் பன்னிரண்டாண்டு ஒருவரை ஒருகாலும் வெல்ல இயலாராயின், அஃது வென்றாரின் வன்மையையும் காட்டும். தோற்றாரின் மென்மையையும் காட்டும். அதன் ஏழு தோல்விகளும் கூட்டத்துக்குப் புறம்பே நேர்ந்தன. அவற்றுள் மூன்று நாட்டர் டேமிடம். 1957 நவம்பர் 16-ஆம் நாள் 47 வெற்றிகளின் வரிசையை ஏழு புள்ளிக்கு ஒன்றுமில்லையென அறுத்ததும் அக்குழுவே. எனினும் கூட்டத்துக்குப் புறம்பான டெக்சாசினை இப்பத்தாண்டில் ஒன்பதுமுறை வென்றது ஓக்லஹோமா. ஆகலின் அதன் மேன்மை வெறும் நிழலன்று.

ஈண்டுப் பிறிதொன்றும் கூறாது விடுதல் நேர்மையாகாது. மாற்றான் வலியை எண்ணுங்கால், களத்தில் நின்ற மாற்றானை மட்டுமோ எண்ணுவது? களத்திற்கு வரவே விடப்படாதவனை என் செய்வது? நிறவேற்றுமை காரணமாகக் கறுப்பின இளைஞர் அந்நாட்டின் தென்பகுதிக் கல்லூரிகள் பலவற்றில் ஆடப்பெற்றிலர். ஓக்லஹோமாவில் பிரெண்டிஸ் காட் என்பார் 1957-இல் முதற்குழுவில் ஆடினார். அவருக்கு முன் அப்பெருமை எக்கறுப்பினருக்கும் கிட்டவில்லை. அலபாமாவில் அவ்வாயில் 1971-இல், ஜான் மிச்சல் ஆடியபோதே திறந்தது. முந்தைய ஆண்டு தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழு பர்மிங்காம் நகருக்கு வந்து, சாம் கன்னிங்காம் என்னும் கறுப்பின வீரர் முன்னின்று ஆட, அலபாமாவை 42-க்கு 21 என வென்றிருந்தது. வாயில் திறந்தபின் வந்ததே பிரையண்டின் 107 வெற்றிகளையுடைய பதிற்றாண்டு. பழைய வெற்றிக் கணக்குகளைப் படிப்போர், யார் வென்றார் என்பதோடு யார் ஆடவிடப்பட்டிலர் என்பதனையும் உடன் படித்தல் வேண்டும்.

பிரையண்டின் காலத்துக்கு மற்றொரு குறையும் உண்டு. அந்நாளில் முதலிடத்தைக் களம் முடிவு செய்ததில்லை. பத்திரிகையாளரும் பயிற்றாசிரியரும் தனித்தனியே வாக்களித்து முடிவு செய்தனர். 1978-இல் தென் கலிபோர்னியா அலபாமாவை நேர்நின்று வென்றிருந்தும், பத்திரிகையாளர் அலபாமாவையே முதலெனக் கூறினர். பயிற்றாசிரியரோ தென் கலிபோர்னியாவை முதலென்றனர். இருவர் முதலாவது எங்ஙனம் என்பது இன்றும் தீராத வழக்கு.

மயாமியின் சிறப்பு தனித்தன்மையது. ஓக்லஹோமாவுக்கும் இருகாலத்து அலபாமாவுக்கும் ஒரே பயிற்றாசிரியர் பத்தாண்டும் தூணாக நின்றார். மயாமியிலோ ஹோவர்டு ஷ்னெல்லன்பர்கர், ஜிம்மி ஜான்சன், டென்னிஸ் எரிக்சன் என மூவர் அடுத்தடுத்து வந்தனர். மூவர் காலத்தும் முதலிடம் கிட்டியது. ஆசிரியர் மாறியும் கல்வி மாறாத பள்ளியை ஒக்கும் அது. ஆயினும் 1984-இல் ஐந்து தோல்வி கண்டமையின் அதன் பதிற்றாண்டு இடையே சற்றுத் தளர்ந்தது என்றே கூறல் வேண்டும்.

இறுதியாகப் பிந்திய அலபாமா. முற்காலத்தில் செல்வமுடைய கல்லூரி வல்ல இளைஞரை எத்துணைப்பேராயினும் உபகாரச் சம்பளம் தந்து சேர்த்துக்கொள்ளலாம். பயன்படாவிடினும் மாற்றார்க்குப் போகாமல் வைத்திருக்கலாம். 1973-இல் அத்தொகை 105 என வரையறுக்கப்பட்டது. 1978-இல் 95 ஆகவும், 1992-இல் 85 ஆகவும் குறைந்தது. எஞ்சிய வல்லார் பிற கல்லூரிகளுக்குச் சென்றனர். மாற்றார் வலி பெருகிற்று. ஆட்டங்களும் மிகுந்தன. ஓக்லஹோமா பத்தாண்டில் ஆடியவை 106. அலபாமா ஆடியவை 139. 2014 முதல் ஆண்டிறுதியில் முதல் நால்வர் களத்தில் மோதியே முதலிடம் பெறவேண்டிய முறையும் வந்தது. இத்துணைத் தடைகளுக்கிடையே ஐந்துமுறை முதலாதல் முன்னை எக்குழுவும் செய்யாதது. கிளெம்சன் குழு இருமுறை இறுதியாட்டத்தில் அதனை வென்றதும், எதிரே நின்றார் எளியரல்லர் என்பதற்குச் சான்றாம்.

ஆகவே எம் துணிபு இது: 2011 முதல் 2020 வரையுள்ள அலபாமா முதலாவது; ஓக்லஹோமா இரண்டாவது; மயாமி மூன்றாவது; பிரையண்டின் அலபாமா நான்காவது; ஏல் வரிசைக்குப் புறம்பே வைத்து வணங்கத்தக்கது. நூற்றுக்கு ஒன்று குறைந்தும் அலபாமாவை ஓக்லஹோமாவின்மேல் வைத்தமைக்குக் காரணம், எதிரே நின்றாரது வலியே. இதனை மறுப்பார் இருப்பின், அவர் எண்ணைக் கொண்டு மறுக்காது, மாற்றான் வலியைக் கொண்டு மறுப்பாராக. யாம் மகிழ்வுடன் கேட்போம்.

எம் முதற்கட்டுரையைக் கிழித்தெறிய வைத்த அந்நண்பருக்கு நன்றியுடையோம். தேர்வில் நூற்றுக்கு இத்தனை எனப் பெறும் எண்ணையே தம் அளவெனக் கருதும் எம்போன்ற மாணவர்க்கு, அவர் வினவிய வினா விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதனை மட்டும் கூறி அமைகின்றோம்.