கட்டத்துக்கு ஒரு எண்

கேள்வி: ஐந்தருவியைப் பின்னணியாக வைத்து வீடியோ கேம் செய்கிறேன். பாறை, படி, தண்ணீர் என டைல் டைலாக அடுக்குகிறேன். ஃபைல் பெருத்துக்கொண்டே போகிறதே?
– கல்லூரி மாணவர், வடகரை

பதில்: கட்டத்துக்குக் கட்டம் படத்தையே சேமிக்கிறீர்கள் போலும். டைல்களை ஒரே படத்தில் தொகுத்துவிட்டு, கட்டத்தில் டைலின் எண்ணை மட்டும் எழுதுங்கள். டைல்கள் 256-க்குள் இருந்தால், கட்டத்துக்கு ஒரு பைட் வீதம் நூற்றுக்கு நூறு கட்டக் களத்துக்கு 10,000 பைட் போதும். வரையும்போது திரையில் தெரியும் கட்டங்களை மட்டும் வரையுங்கள். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் மேகமும் புதரும் ஒரே டைல்தான், நிறம்தான் வேறு! (கஞ்சத்தனத்திலும் கலை உண்டு.)

ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தால் எண்கள்கூட வேண்டாம், விதி போதும். சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தவர்களும் 1970-களிலேயே கோலங்களை அப்படி இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். தேடிப் படியுங்கள்.