எல்லைச் சந்தையில் கைகொடுக்கும் 12 குறிப்புகள்

நெல்லை, மதுரைப் பக்கமிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களுக்குக் குடிவந்திருக்கும் தோழிகளே! களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளை வந்ததும் கடைப்பலகையெல்லாம் மலையாளமாகிவிடும். ஆனால் சந்தைப் பேச்சில் பாதி நமக்குத் தெரிந்ததுதான். மீதியையும் பிடித்துக்கொண்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

1. விலை கேட்க ‘எத்ரயா?’ என்ற ஒரு சொல் போதும். காயைக் காட்டி ‘கிலோ எத்ரயா?’ என்று கேட்டுவிட்டே பையை நீட்டுங்கள். நிறுத்த பிறகு பேரம் படியாது.

2. கால் கிலோவும் முக்கால் கிலோவும் அங்கேயும் அதேதான். அரைக்கு ‘அர’, ஒன்றரைக்கு ‘ஒன்னர’. கடைக்காரர் ‘இருநூற்றம்பது தரட்டே?’ என்றால் விலையோ என்று பதற வேண்டாம், 250 கிராமைத்தான் சொல்கிறார்.

3. தட்டில் காய் ஏறிக்கொண்டே போனால் ‘மதி’ என்று சொல்லுங்கள், ‘போதும்’ என்று அர்த்தம். கையில் காசு குறைவா? ‘அம்பது ரூபாய்க்கு மதி’ என்றால் அந்த அளவுக்கே நிறுத்துத் தருவார்கள்.

4. ‘குறச்சு’ என்றால் கொஞ்சம். விலை இறக்கவும் அதே சொல்தான்: ‘குறச்சு தருமோ?’ கடை கட்டுகிற மாலை நேரத்தில், கீரை, தக்காளி மாதிரி மறுநாளைக்குத் தாங்காத சரக்குக்குக் கேட்டுப் பாருங்கள், பலன் உண்டு.

5. பெரிய வெங்காயம் ‘சவாள’, சின்ன வெங்காயம் ‘கொச்சுள்ளி’, பூண்டு ‘வெளுத்துள்ளி’. வெறுமனே ‘உள்ளி’ என்று கேட்டால் சின்ன வெங்காயத்தை நிறுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் விலை வேறு, கவனம்.

6. மிளகு என்று கேட்டால் மிளகாய் வரும், ஏனென்றால் மிளகாய்க்கு அங்கே ‘முளகு’ என்று பெயர். ரசத்துக்கு வேண்டியதை ‘குருமுளகு’ அல்லது ‘நல்லமுளகு’ என்று கேளுங்கள். காய்ந்த மிளகாய்க்கு ‘வற்றல்முளகு’.

7. ‘சர்க்கர’ என்றால் வெல்லம், சீனிக்கு ‘பஞ்சசார’. மளிகைச் சீட்டில் இதைத் திருத்தி எழுதிவிட்டால் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினாலும் மாறி வராது.

8. நாம் பூவன் என்கிற வாழைப்பழத்துக்கு அங்கே ‘பாளையங்கோடன்’ என்று பெயர். ‘பூவன்’ என்று கேட்டால் ரஸ்தாலி வரும். நேந்திரம் ‘ஏத்தப்பழம்’, செவ்வாழை ‘கப்பப்பழம்’, சீப்புக்கு ‘படல’. பெரும்பாலும் நிறுத்துத்தான் தருவார்கள் என்பதால் முழுப் படலயும் வாங்க வேண்டியதில்லை, அரைக் கிலோ கேட்டாலும் அரிந்து தருவார்கள்.

9. மரச்சீனிக் கிழங்கு வாங்கும்போது ‘வேகுமோ?’ என்று கேட்பது அந்த ஊர் வழக்கம், நீங்களும் கேளுங்கள். ஒன்றை ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ கோடு ஓடியிருந்தால் பிடுங்கி நாளாகிவிட்டது.

10. மீனில் சாளையும் நெய்மீனும் பெயர் மாறாது. நெத்திலி ‘நெத்தோலி’, இறால் ‘கொஞ்சு’. ‘வெட்டித் தருமோ?’ என்று கேட்டு வாங்கினால் வீட்டில் ஒரு வேலை மிச்சம். தலையையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், மறுவேளைக் குழம்புக்கு ஆச்சு.

11. தேங்காய் மூடிக்கு ‘முறி’, தேங்காய் எண்ணெய்க்கு ‘வெளிச்செண்ண’. ஊர்ப் பெரியவர்கள் நெல், அரிசி பற்றிப் பேசும்போது நாழிக் கணக்கு வரும்: 4 நாழி 1 இடங்கழி, 10 இடங்கழி 1 பற.

12. கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் துணிப்பை எடுத்துப் போங்கள், பை வாங்கும் காசு மிஞ்சும். மீதிச் சில்லறையைக் கடைக்காரர் மறந்துவிட்டால் ‘பாக்கி?’ என்று கேட்டால் போதும்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி களியக்காவிளை அடங்கிய விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் ‘அண்ணா’, ‘அக்கா’ என்று கூப்பிட்டால் இன்றைக்கும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பாகிவிடுமோ என்று தயங்காமல் வாய்விட்டுக் கேளுங்கள் தோழிகளே. விலையும் குறையும், பழக்கமும் கூடும்.