பம்ப்செட் சத்தம் அடங்குமா?

கேள்வி: தோப்பில் சின்ன பெட்ரோல் பம்ப்செட் ஓடுகிறது. சைலன்சர் அலறலால் அக்கம்பக்கத்தில் சண்டை. வழி சொல்லுங்களேன்.
– வாசகர், சுந்தரபாண்டியம்

பதில்: புது சைலன்சர் வாங்கக் கிளம்புமுன் பழையதைக் கவனியுங்கள். என்ஜினோடு சேருமிடத்தில் கரி படிந்திருந்தால் கேஸ்கெட் போய்விட்டது. அதை மாற்றி போல்ட்டை இறுக்கினாலே பல என்ஜின்கள் சாந்தமாகிவிடும். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் சைலன்சரையே மாற்றுங்கள்.

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர், நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்புப் புகையும் விரிய இடம் வேண்டும். வளையும் இரும்புக் குழாயால் புகையை ஒரு காலி பீப்பாய்க்குள் விட்டு, உள்ளே வரும் குழாயைவிட அகலமான குழாய் வழியே வெளியேற்றுங்கள், அதிர்வு குறையும். துணி அடைப்பது, வாயைக் குறுக்குவது போன்ற வைத்தியமெல்லாம் வேண்டாம். என்ஜின் சூடேறி எக்ஸாஸ்ட் வால்வு கருகும். மூடிய மோட்டார் அறையில் ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

பிறகும் இரைந்தால் அது ஏர் ஃபில்டரும் சட்டத்தின் அதிர்வும்தான்; அடியில் ரப்பர் கொடுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். ராத்திரிப் பாய்ச்சலை விடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.