ஐயாயிரத்துக்குக் கையெழுத்தா?

கேள்வி: சிக்னலில் நின்ற என் பைக்கை கார் இடித்ததில் கால் எலும்பு முறிந்துவிட்டது. "ஐயாயிரம் தர்றேன், போலீஸ் வேணாம்" என்கிறார் கார்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ‘சமாதானமாகிவிட்டோம்’ என்று எழுதிக் கொடுத்தால் பிற்பாடு அந்தத் தாளையே நீட்டுவார்கள். காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில், 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயமே போதும். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் கேட்கலாம்.

மெடிக்கல் ஷாப் பில்லை இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த வழவழத் தாளில் எழுத்து நிற்காது. வழக்கு முடிவதற்குள் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். பைக்குக்கு முழு இன்ஷூரன்ஸ் இருந்தால், சர்வேயர் பார்க்கும்வரை மெக்கானிக்கைத் தொடவிடாதீர்கள்.